ஸ்டீராய்டும் தீபாவளி டிக்கெட்டும்

ரத்தசோகை என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல். மனுஷனுக்குச் சரி, நாய்க்கும் அதையேதான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு ஜிம்மிக்கு (ஏழு வயது லாப்ரடார், புனேக்காரன், தமிழும் மராத்தியும் புரியும் :-)) ரத்தம் குறைந்துவிட்டது என்று தெரிந்ததும் ஊரிலிருந்து வந்த போன்களில் எல்லாம் இந்த மூன்றும் தவறாமல் இருந்தன. பக்கத்து ஃபிளாட் மாமி பப்பாளி இலைச் சாறையும் சேர்த்துக்கொண்டார்.

அவனுக்கு வந்தது சத்துக் குறைவு இல்லை. ஆட்டோஇம்யூன் ஹீமோலைடிக் அனீமியா. உடம்பின் எதிர்ப்புசக்தி தன்னுடைய சிவப்பணுக்களையே எதிரி என்று நினைத்து அழிக்கும் நோய். நாயின் சிவப்பணு சாதாரணமாக 110 நாள் அளவுக்கு உயிரோடிருக்கும். இந்த நோயில் சில நாளிலேயே அழிந்துவிடும். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றி என்ன? முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். அதற்குத்தான் எதிர்ப்புசக்தியை அடக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. தேவைப்பட்டால் கூடவே மைக்கோஃபினலேட், அசத்தியோபிரின், சைக்ளோஸ்போரின் இவற்றில் ஒன்று. ரத்தம் உறைந்து நுரையீரலில் அடைத்துக்கொள்வதுதான் இந்த நோயில் பல நாய்களின் உயிரை எடுக்கிறது. அதைத் தடுக்க குளோபிடோக்ரெல் மாதிரி ஒரு மருந்து.

நம் நாட்டில் இன்னொரு விஷயம் உண்டு: உண்ணி. உண்ணி பரப்பும் பேபீசியா கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து தானும் அழிக்கும், இந்த நோயைத் தூண்டியும் விடும். அதனால் "உண்ணிக் காய்ச்சலுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா டாக்டர்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மைக்ராஸ்கோப்பில் தெரியாதது பி.சி.ஆர். பரிசோதனையில் தெரிவதுண்டு.

நாய் வைத்திருக்கிறவர்கள் ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்து, மூத்திரம் காபி டிக்காஷன் நிறத்தில் போனால் "காலையில் பார்க்கலாம்" என்று படுக்கக் கூடாது. அன்றைக்கே, அப்போதே ஆஸ்பத்திரி.

ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை பி.சி.வி. என்று சொல்வார்கள். நாய்க்கு 37 முதல் 55 சதவீதம் வரை இருக்கலாம். ஜிம்மிக்கு இருந்தது 14. எங்கள் குடியிருப்பின் ஜெர்மன் ஷெப்பர்ட் ஒன்று கொடுத்த ரத்தத்தில்தான் அந்த வாரம் ஓடியது. முதல் இரண்டு வாரம்தான் கண்டம். அந்த இரண்டு வாரமும் வீடே தூங்காது, எல்லோரும் விசாரிப்பார்கள், லீவு கேட்டால் மேனேஜர்கூடக் கொடுப்பார்.

நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் வரும் ஆறு மாதத்தைப் பற்றி.

ஆறாவது வாரம் பி.சி.வி. 36. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். உடனே ஆரம்பிக்கும் அடுத்த ரவுண்ட் அறிவுரை: "அதான் நல்லா இருக்கானே, இன்னும் எதுக்கு ஸ்டீராய்டு? கிட்னி போயிடும்." என்னைக் கேட்டால், இந்த நோயில் மருந்தைவிட ஆபத்தானது இந்த வாக்கியம். நாய் நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். நாமாகத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம். தவிர, பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு தன் சொந்த ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் நாய் அதனாலேயே சுருண்டு விழலாம். அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ நிபுணர்களின் அமைப்பு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பி.சி.வி. 30-க்கு மேல் இரண்டு வாரம் நிலையாக நின்ற பிறகு கால் பங்கு குறைக்கலாம், அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துப் பார்த்துக் குறைக்கலாம் என்று சொல்கிறார்கள். எல்லாம் முடிய நாலு முதல் எட்டு மாதம்.

அந்த மாதங்களில் என்ன நடக்கும்? குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஐந்தாவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்க வேண்டும். அகோரப் பசி. மேஜையில் வைத்த சப்பாத்தி மாயமாகும். தொடை இளைத்து வயிறு தொங்கும். அது நாயின் குற்றம் இல்லை, திட்டாதீர்கள். மிச்சம் மீதி சாம்பார் சாதம் போடாதீர்கள், வெங்காயம் நாயின் சிவப்பணுவை அழிக்கும். நமக்கு வாங்கிய தலைவலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. அசத்தியோபிரின், மைக்கோஃபினலேட் மாத்திரைகளை உடைக்காமல் கையுறை போட்டுக் கொடுங்கள். கர்ப்பிணிகள் தொட வேண்டாம்.

இதற்கெல்லாம் பெரிய தியாகம் ஒன்றும் வேண்டாம், தினமும் ஒரே நேரத்தில் வீட்டில் ஒரு ஆள் வேண்டும். வெளியூரில் பிழைக்கிற நம் வீடுகளில் இல்லாதது அதுதான். ஊரில் என்றால் தாத்தா இருப்பார், சித்தி இருப்பார். இங்கே இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், வருஷத்தின் லீவு மொத்தத்தையும் தீபாவளிக்கும் மே மாதத்துக்கும் சேர்த்து வைக்கிறோம். ரயில் டிக்கெட்டுக்கு 60 நாள் முன்னால் யோசிக்கிறவர்களுக்கு இந்த நோய் 200 நாள் கணக்குக் கொடுக்கிறது. எதிர்ப்புசக்தி அடங்கிக் கிடக்கும் நாயை, பத்து நாய் இருக்கும் போர்டிங்கில் விடுவது சரியில்லை. வாட்ச்மேனிடம் மாத்திரை டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதும் சரியில்லை.

எங்கள் வீட்டில் தங்கமணியும் பையனும் ஊருக்குப் போனார்கள், நான் இருந்தேன். "நாய்க்காகத் தீபாவளிக்கு வரலையாடா?" என்று அம்மா கேட்டபோது குரல் கம்மியிருந்தது. அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷத்தில் இரண்டு முறை மட்டும் மகனைப் பார்க்கிற அம்மாவுக்கு அது நியாயமான கேள்விதான். அம்மாவையும் நாயையும் ஒரே தராசில் வைத்ததாக நினைக்க வேண்டாம். அம்மாவைப் பொங்கலுக்குப் போய்ப் பார்க்கலாம். விட்டுப்போன மாத்திரையைப் பொங்கலுக்குக் கொடுக்க முடியாது.

எல்லோராலும் இது முடியும் என்று சொல்ல மாட்டேன். பிரெட்னிசலோன் மலிவு. ரத்தம் ஏற்றுவது, ஆஸ்பத்திரி வாசம், வாராவாரம் பரிசோதனை, சைக்ளோஸ்போரின், இவையெல்லாம் மலிவில்லை. ஊரில் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிற வீட்டில் யாரும் யாருக்கும் உபதேசம் செய்ய முடியாது. முடியாது என்றால் முதல் நாளே டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பணம் இவ்வளவு, வீட்டில் ஆள் இவ்வளவு நேரம் என்று. அதற்குள் என்ன செய்யலாம் என்று அவர் பார்ப்பார். கஷ்டப்படாமல் அனுப்பிவைப்பதுதான் வழி என்றால் அதிலும் வெட்கம் இல்லை. ஆர்வத்தில் ஆரம்பித்துவிட்டு மூன்றாம் மாதம் டிக்கெட் கன்ஃபார்ம் ஆனதும் கைவிடுவது மட்டும் கூடாது.

ஜிம்மிக்கு மாத்திரை நின்று மூன்று மாதம் ஆகிறது. நோய் திரும்பலாம், அதனால் ரத்தப் பரிசோதனை தொடர்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் நாய் 25 கிலோவுக்கு மேல், நடுவயது, ஆரோக்கியம், தடுப்பூசியெல்லாம் போட்டது என்றால், உங்கள் டாக்டரிடம் "தேவைப்பட்டால் இவன் ரத்தம் கொடுப்பான்" என்று பெயர் எழுதி வையுங்கள். நாய்க்கு ரத்த வங்கி நம் ஊர்களில் அபூர்வம். அர்த்த ராத்திரியில் யாராவது உங்கள் கதவைத் தட்டலாம், எழுந்து போங்கள்.