சுவர் அலமாரி செய்வோர் கவனத்திற்கு

மும்பையில் பல ஆண்டுகள் வாடகைக் குடித்தனம் நடத்திவிட்டு, சொந்தமாக ஓர் அறையும் சமையலறையும் வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பம், பால் காய்ச்சிய கையோடு பேசத் தொடங்கும் காரியம் சுவர் அலமாரிதான். அதில் வியப்பில்லை. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் தொடக்கத்தில் கொடுத்த வீட்டின் அளவு 225 சதுர அடி. பிறகு அது 269 ஆயிற்று. அதன்பின் 300 ஆயிற்று. இந்த இடத்துக்குள் நான்கைந்து பேரின் துணிமணி, பகலில் சுருட்டி வைக்க வேண்டிய மெத்தை, பிள்ளைகளின் புத்தகம், ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பாத்திரம், கொலு பொம்மைப் பெட்டி எல்லாம் அடங்க வேண்டும்.

இதற்காகச் செலவழிப்பது தீபாவளி போனஸ். போதாததற்குக் கடன் சங்கத்தில் வாங்கிய கடன். இல்லத்தரசி கட்டிய சீட்டுப் பணம். இப்படிச் சேர்த்த பணத்தை எந்த வரிசையில் செலவழிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் வருத்தம் வருகிறது. முதலில் மிஸ்திரியைக் கூப்பிடுகிறார்கள். அடுத்து முன்பணம் கொடுக்கிறார்கள். பலகை வந்து இறங்கிய பிறகுதான் எத்தனை தட்டு, எத்தனை கதவு என்று வீட்டில் விவாதம் நடக்கிறது. அறுத்த பலகையை ஒட்ட முடியுமா? இந்த வரிசை தலைகீழாக மாறவேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். பதினொரு மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் சுவரோடு சேர்த்து அலமாரி அடிப்பது வீண் செலவு. சொத்து மாற்றுச் சட்டம் (1882), தான் பொருத்திய பொருளை இடத்தைக் காலி செய்யும் முன் கழற்றிக்கொண்டு, இடத்தைப் பழையபடி விட்டுப்போகக் குத்தகைதாரருக்கு உரிமை தருகிறது. ஆனால் பதினொரு மாத உடன்பாடு குத்தகை ஆகாது. அத்தகையவருக்கு இரும்பு பீரோவே உத்தமம். அடுத்த வீட்டுக்கும் கூடவே வரும். பழைய பகடி வீட்டுக்காரர்கள் உடைமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்வது நல்லது.

சொந்த வீட்டுக்காரர் செய்யவேண்டிய முதல் வேலைக்கு ஒரு டேப்பும் ஒரு தாளும் போதும். சுவர்கள் நேராக இருக்கும் என்று நம்பக்கூடாது. அகலத்தை அடியில், நடுவில், மேலே என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஹேங்கரில் சட்டை தொங்கவேண்டுமானால் உள் ஆழம் 22 அங்குலமாவது தேவை. மடித்து வைக்கும் புடவைக்கும் வேட்டிக்கும் 16 அங்குலம் போதும். சட்டை, பேன்ட் தொங்கும் உயரம் 40 அங்குலம். தட்டு மூன்றடிக்கு மேல் நீண்டால் நடுவில் தொய்யும். பத்துக்குப் பத்து அறையில், படுக்கை விரித்தபின் கதவு திறக்குமா என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்ப்பது அசட்டு வேலை அல்ல. தள்ளுக் கதவு வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மூன்று, நான்கு அங்குல ஆழத்தை அது விழுங்கிவிடும்.

சுவரைக் குடைந்து மாடம் எடுத்து இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்கவே கூடாத யோசனை இது. பழைய சால்களில் செங்கல் சுவரே கட்டடத்தின் பாரத்தைத் தாங்குகிறது. புதிய கட்டடங்களில் தூணும் உத்தரமும் தாங்குகின்றன. இரண்டில் எதன்மேல் உளி பட்டாலும் ஆபத்து மேல்மாடிக்காரருக்கும் சேர்த்துத்தான். சொசைட்டியின் அனுமதி கேட்பதை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அடுத்தது பலகைக் கணக்கு. ஆறடி அகலம், ஏழடி உயரம், இரண்டடி ஆழத்தில் ஓர் அலமாரி என்று வைத்துக்கொள்ளலாம். நடுவே ஒரு தடுப்பு. ஒரு பாதியில் மூன்று தட்டு, மறுபாதியில் துணி தொங்கவிடும் கம்பி. முன்னால் நான்கு கதவு. எட்டுக்கு நான்கு அடிப் பிளைவுட் தாளை ஒழுங்காக அறுத்தால், 18 மில்லிமீட்டர் கனத்தில் ஐந்து தாள் போதும். இழுப்பறை வைத்தால் ஆறு. முதுகுக்கு 6 மில்லிமீட்டரில் இரண்டு தாள். இந்தக் கணக்கைத் தாளில் கட்டம் போட்டு வரைந்து வைத்திருப்பவரிடம் எட்டுத் தாள் வேண்டும் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

பொருளும் கூலியும் சேர்த்து முகப்புச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் கான்டிராக்ட் முறை கேட்க எளிதாக இருக்கிறது. மேற்சொன்ன அலமாரியின் முகப்பு 42 சதுர அடி. பெருக்கினால் மொத்தத் தொகை வந்துவிடும். ஆனால் அந்தத் தொகைக்குள் எந்தத் தரப் பலகை, உள்ளே சன்மைக்கா உண்டா, எந்தக் கீல், எத்தனை பூட்டு என்பது ஒன்றும் தெரிவதில்லை. லாபம் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். மாதச் சம்பளக்காரர் பொருளைத் தாமே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் மிஸ்திரியிடம் பேசுவதே மேல். ஓரிரு ஞாயிற்றுக்கிழமை அலைச்சல்தான். மரத்துக்கு ரே ரோடு, கீல், கைப்பிடிக்கு நாக்தேவி தெரு என்று கடைகள் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன.

கடைக்காரர் 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்வதை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்ற தர எண்ணின் கீழேயே சாதாரண ஈரம் தாங்கும் எம்.ஆர். வகையும், அதைவிட உறுதியான பி.டபிள்யூ.ஆர். வகையும் வருகின்றன. மெரைன் பலகைக்கு ஐ.எஸ். 710. மழைத் தண்ணீர் கசியும் வெளிச்சுவரை ஒட்டி வைக்கும் அலமாரிக்கு எம்.ஆர். ஆகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அச்சிட்டிருக்கும் உரிம எண்ணைத் தர நிறுவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டு, உண்மையா என்று பார்க்கலாம். எப்பேர்ப்பட்ட பலகையானாலும் கசிவை அடைத்த பிறகே அலமாரி. சுவருக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே ஓர் அங்குலம் விடவேண்டும். சால் படிக்கட்டில் முழுத் தாள் திரும்பாது. கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிவிட்டால் சுமைகூலியும் குறையும், வீட்டில் தூளும் குறையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வேலையைத் தொடாமலிருப்பது நல்லது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நல்ல மிஸ்திரி கிடைப்பது அரிது.

மிஸ்திரியை எப்படித் தேர்ந்தெடுப்பது? அவர் நேற்று முடித்த வேலையைப் பார்த்துப் பயனில்லை. புதிதாக இருக்கும்போது எல்லாமே பளபளக்கும். ஒரு மழைக்காலம் கடந்த வேலையைக் காட்டச் சொல்லவேண்டும். அந்தக் கதவு தொங்காமல், சன்மைக்கா ஓரம் பிரியாமல் இருந்தால், ஆளை நம்பலாம். நாக்காவில் காலையில் நிற்பவர்களிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பழைய வேலையைப் பார்க்க வழி இருப்பதில்லை.

தமிழர்களிடையே இன்னொரு வழக்கமும் உண்டு. இந்தியிலோ மராத்தியிலோ பேரம் பேசத் தயங்கி, ஊர்க்காரர் ஒருவரிடம் வேலையை ஒப்படைத்துவிடுகிறார்கள். நெல்லைச் சீமைக்காரர் நெல்லைச் சீமைக்காரரிடம் 'எழுதித் தாரும்' என்று எப்படிக் கேட்பது என்ற கூச்சம். அண்ணாச்சி பார்த்துச் செய்வார் என்று பாதிப் பணம் கை மாறுகிறது. வேலை இழுக்கிறது, கேட்டால் மனஸ்தாபம். கல்யாண வீட்டில் இரு குடும்பமும் முகம் பார்க்காமல் உட்காரும் நிலை வருகிறது. அந்நியரோடு சண்டை வந்தால் பணம் மட்டும்தான் போகும். ஆகவே எழுத்து அதிகமாகத் தேவைப்படுவது ஊர்க்காரரிடம்தான். அளவு, வரைபடம், கூலி, முடிக்கும் தேதி, இரு கையெழுத்து. ஒரு பக்கம் போதும். பின்னால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகவேண்டி வந்தாலும் அந்தத் தாளே சாட்சி. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் யோசனையும் கேட்கலாம்.

இதில் மிஸ்திரியின் பக்கமும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்திலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ வந்தவரும் பிழைக்க வந்தவர்தான். பேசிய வரைபடத்துக்கு மேல் 'இங்கே ஒரு தட்டு, அங்கே ஓர் இழுப்பறை' என்று நாளுக்கொன்றாகச் சேர்த்துவிட்டு, கூலியை மட்டும் பழைய கணக்கில் கொடுப்பது நியாயமல்ல. கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி என்று முதலிலேயே எழுதிவிட்டால் இருவருக்கும் தொல்லையில்லை. பணத்தை வேலையின் படிகளுக்கேற்பக் கொடுக்கவேண்டும்: கூடு நின்றதும் ஒரு பங்கு, கதவு மாட்டியதும் ஒரு பங்கு, சன்மைக்கா ஒட்டியதும் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, பதினைந்து நாள் கழித்து அவர் வந்து கீலைச் சரிசெய்து, ஒட்டாத ஓரத்தைப் பார்த்துக் கொடுத்த பிறகு அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மீந்த பலகைத் துண்டுகள் பணம் போட்டவருடையவை; குப்பை என்று அள்ளிப் போக விடாமல் எடுத்து வைத்தால், சமையலறையில் மசாலா டப்பா வைக்க ஒரு சிறு தட்டு அடித்துக்கொள்ளலாம்.