உளிக்கும் கம்ப்யூட்டருக்கும் பகையா?

கச்சிராயபாளையத்தில் கரும்பு வண்டி எடை மேடையில் ஏறாமல் ஆலைக்குள் போக முடியாது.

கல்வராயன் மலை அடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் உள்ள ஊர் இது. கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. வண்டிக்கு எடை. சாற்றுக்கு அளவு. சாற்றில் உள்ள சர்க்கரைக்குக் கணக்கு. சக்கையைக்கூட ஆலைக்காரர்கள் வீணாக்குவது இல்லை. கொதிகலனில் போட்டு எரித்து நீராவி எடுக்கிறார்கள்.

100 கிலோ கரும்பைப் பிழிந்தால் எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கும்? அதற்குப் பிழிதிறன் என்று பெயர். பள்ளிக்கூடம் போகாத விவசாயிக்கும் இந்தச் சொல் தெரியும். ஏன் தெரியாது? விலையே அதை வைத்துத்தானே! 2022-ம் ஆண்டுப் பருவத்திலிருந்து 10.25 சதவீதப் பிழிதிறனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசு கரும்பு விலையைக் குறிக்கிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் விலை கூடும்.

இப்போது அங்கிருந்து பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு வாருங்கள்.

இது மரச் சிற்பத்துக்குப் பெயர் போன ஊர். சாமி சிலைகள், வாசல் கதவுகள், தூண்கள், மயில்கள், யானைகள் எல்லாம் இந்த வட்டாரத்துச் சிற்பிகளின் கையில் உருவாகின்றன. தேக்கு, மா, வாகை, தூங்குமூஞ்சி என்று பல மரங்களில் வேலை நடக்கிறது. (பெயர்தான் தூங்குமூஞ்சி. உளி பட்டால் விழித்துக்கொள்ளும்!) 2021-ல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மரப் பட்டறைக்குள் ஒரு கட்டை நுழைகிறது. ஒரு பிள்ளையார் வெளியே வருகிறார். நடுவில் எவ்வளவு மரம் தூளாகவும் துண்டாகவும் போயிற்று என்று கேட்டால் எந்தப் பட்டறையில் கணக்கு நோட்டு இருக்கும்? துண்டுகள் அடுப்புக்குப் போகும். தூளைப் பெருக்கி வெளியே கொட்டுவார்கள். கரும்பைவிட எத்தனையோ மடங்கு விலை உயர்ந்தது தேக்கு!

இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் கை கொடுக்கும். கம்ப்யூட்டர் என்றதும் சிற்பிக்குப் பயம் வருகிறது. "உளியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுமோ?" என்று நினைக்கிறார். அந்தப் பயத்தில் பாதி வீண் பயம். பாதி உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

தென்னை ஓலை செய்த வேலை

மென்பொருள் என்றால் என்ன? கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம், அவ்வளவுதான். கணக்கு எழுத ஒரு பாடம், படம் வரைய ஒரு பாடம். பொருளைச் செய்வதற்கு முன்பே அதை அளவோடு வரைந்து பார்க்க உதவுவது வடிவமைப்பு மென்பொருள்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லுகிறார்கள். பெட்டி வெளிநாட்டுச் சரக்குதான். ஆனால் அதில் உள்ள யோசனை நம் சிற்பிகளுக்குப் புதிது அல்ல.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலை இருக்கிறது. அங்கே ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதி முதலில் எடுப்பது தென்னை ஓலை நறுக்குதான். சிலை எத்தனை உயரமோ அத்தனை நீளத்துக்கு அதை நறுக்குவார். பிறகு மடிப்பார். மடிப்புகள்தான் அளவு. முகம் இத்தனை பங்கு, கழுத்து இத்தனை பங்கு, முழங்கால் இத்தனை பங்கு என்று மடிப்பைப் பார்த்தே அளந்துவிடுவார். உத்தம தச தாளம் என்ற அளவில் உடம்பு 124 பங்கு. நவ தாளத்தில் 108 பங்கு. கல்லோ, மரமோ, உலோகமோ, சிற்ப நூலின் அளவு எல்லாவற்றுக்கும் பொது.

ஓலையைச் சற்று நீளமாக நறுக்கினால் என்ன ஆகும்? மூக்கு, காது, விரல் எல்லாம் அதே விகிதத்தில் தாமாகவே பெரிதாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டியது இல்லை.

இன்றைய வடிவமைப்பு மென்பொருள் செய்வதும் இதேதான். ஒரு அளவை மாற்றினால் மற்ற அளவுகளை அதுவே மாற்றிக்கொள்ளும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இவான் சதர்லாண்ட் என்ற மாணவர் படித்தார். வயது 24. கம்ப்யூட்டர் திரையில் ஒளிப் பேனாவால் கோடு போட அவர் வழி செய்தார். 1963-ல் அது வெளியாயிற்று. "இந்த இரண்டு கோடுகளும் ஒரே நீளம்" என்று கட்டளை கொடுத்தால் போதும். கோணலாகப் போட்ட படத்தையும் கம்ப்யூட்டர் நேராக்கிக் காட்டியது. உலகம் வியந்தது. சுவாமிமலை ஸ்தபதி அதைப் பார்த்திருந்தால், "என் ஓலையைத் திரைக்குள் வைத்துவிட்டானே!" என்று சொல்லியிருப்பார்.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு அறையை அடைக்கும் பெரிய எந்திரம். 1982-ல் மேஜை மீது வைக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்கே ஆட்டோகேட் என்ற மென்பொருள் வந்துவிட்டது. இன்று ஃப்ரீகேட் என்ற மென்பொருள் காசு இல்லாமலே கிடைக்கிறது. 2002-ல் வெளிவந்தது அது. யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

மூன்று பலகையா, நான்கு பலகையா?

இதனால் மரம் எப்படி மிச்சமாகும்? ஒரு கணக்குப் பார்ப்போம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு தச்சரிடம் 120 அங்குல நீளத்தில் பலகைகள் இருக்கின்றன. அவருக்கு 70 அங்குலத் துண்டு இரண்டு வேண்டும். 50 அங்குலத்தில் இரண்டு, 40 அங்குலத்தில் மூன்று வேண்டும். வாள் தின்னும் தூளும் இந்த அளவிலேயே சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம்.

அவசரத்தில் முதல் பலகையில் 70-ம் 40-ம் அறுக்கிறார். 10 அங்குலம் வீண். இரண்டாவது பலகையிலும் அப்படியே. மூன்றாவதில் 50 இரண்டு. 20 அங்குலம் வீண். இன்னும் ஒரு 40 பாக்கி இருக்கிறதே! நான்காவது பலகையை எடுக்க வேண்டியதுதான்.

70-ஐயும் 50-ஐயும் ஜோடி சேர்த்திருந்தால்? இரண்டு பலகையில் நான்கு துண்டு முடிந்திருக்கும். மூன்றாவது பலகையில் 40 மூன்று. மூன்றே பலகை! ஒரு அங்குலம்கூட வீண் இல்லை.

ஏழு துண்டு என்றால் மூளையே கணக்குப் போட்டுவிடும். ஒரு வீட்டுக்கு வேண்டிய கதவு, நிலை, ஜன்னல் என்று எழுபது துண்டு வந்தால்? தையல்காரர் துணி மீது வெட்டுக் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துப் பார்ப்பது போலக் கம்ப்யூட்டர் கணக்கான வழிகளில் அடுக்கிப் பார்க்கும். குறைந்த பலகையில் முடியும் வழியைச் சொல்லிவிடும்.

மிச்சப்பட்ட பலகை சிற்பியின் லாபம். இதற்கு உளியையும் விட வேண்டாம், புது எந்திரமும் வாங்க வேண்டாம்.

இன்னொரு லாபமும் உண்டு. வாசல் கதவு செய்யச் சொன்னவர் வீட்டு அம்மாள், பாதி வேலை முடிந்த பிறகு வந்து, "தாமரைக்குப் பதில் கஜலட்சுமி இருந்தால் நன்றாக இருக்குமே" என்பார். செதுக்கிய தாமரையை என்ன செய்வது? திரையில் முதலிலேயே காட்டியிருந்தால் தாமரை மாறுவது படத்தோடு போயிருக்கும். மரம் தப்பித்திருக்கும்.

எந்திரத்துக்கு எட்டாத இடம்

வரைந்த படத்தைப் பார்த்துத் தானே மரத்தைக் குடையும் எந்திரமும் இருக்கிறது. வேகமாகச் சுழலும் ஒரு முனை, வலமும் இடமும், முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்ந்து செதுக்கும். தமிழ்நாட்டில் கதவு வேலைக்கு இது பரவிவிட்டது. பூக்கொடி, வளைவு, கரை வேலை எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். கூலியும் குறைகிறது.

ஆனால் சாதாரண எந்திரம் மேலே இருந்துதான் பார்க்கும். யானைத் தந்தத்துக்குப் பின்பக்கம், பிள்ளையார் காதுக்கு உட்பக்கம், கைக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள சந்து – இங்கெல்லாம் முனை நுழையாது. முனை உருண்டை. அதனால் கூரான உள் மூலையும் வராது. மரத்தில் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, கண்ணு எங்கே இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. சிற்பி விரலால் தடவிப் பார்த்தே அறிவார்.

ஆகவே முரட்டு வேலையை எந்திரம் செய்யட்டும், முகமும் கண்ணும் விரலும் சிற்பியின் உளிக்கு இருக்கட்டும் என்பது நியாயமான ஏற்பாடு.

இதைச் சொன்னதும் எந்திரம் வாங்கக் கடனுக்கு ஓடக் கூடாது! விலை லட்சக் கணக்கில். ஒரு பட்டறைக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது போல. முதலில் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்திரம் கடைசி. அதையும் பலர் சேர்ந்துதான் வாங்க வேண்டும்.

கச்சிராயபாளையத்தைப் பாருங்கள். எந்த விவசாயியாவது தனியாகச் சர்க்கரை ஆலை கட்ட முடியுமா? சங்கமாகச் சேர்ந்தார்கள், ஆலை வந்தது. இருபது பட்டறைகள் சேர்ந்தால் ஒரு எந்திரம் சும்மா கிடக்காது. 2025-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீதம், அதாவது அதிக பட்சம் 50 ஆயிரம் ரூபாய் மானியமும் அறிவிக்கப்பட்டது. தனித்தனிக் கடன் தனித்தனிப் பட்டறைக்குத்தான் உதவும். பொது எந்திரத்துக்குச் சங்கம்தான் வழி.

யார் வரைவது என்று கேட்கலாம். அப்பாவுக்கு அளவு தெரியும், ஆனால் கம்ப்யூட்டர் தெரியாது. பத்தாவது படிக்கும் மகளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், அளவு தெரியாது. இரண்டு பேரும் ஒரு மாதம் மாலை வேளையில் சேர்ந்து உட்காரட்டும். "அப்பா, கழுத்து எத்தனை பங்கு?" என்று மகள் கேட்பாள். அப்பா ஓலையை மடித்துக் காட்டுவார். பட்டறை என்றால் ஆண்கள் இடம் என்று ஒதுங்கியிருந்த பெண்ணுக்கும் அங்கே ஒரு வேலை பிறக்கும்.

படம் பறிபோனால்?

இனி அந்த உண்மையான பயம்.

சிற்பியின் கையில் உள்ள வித்தையை யாரும் திருட முடியாது. கம்ப்யூட்டரில் உள்ள படத்தை ஒரு நிமிஷத்தில் நகல் எடுத்துவிடலாம். "படத்தை அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்று ஒரு வியாபாரி கேட்பார். அனுப்பினால் அதே படம் வேறு ஊர் எந்திரத்தில் ஆயிரம் கதவாக இறங்கலாம். வரைந்தவருக்கு ஒரு காசு வராது. உளிக்கு ஆபத்து எந்திரத்திடமிருந்து வருவதைவிட இந்த வழியில் வருவதுதான் அதிகம்.

ஆகையால் விலை பேசி முடியும்வரை முழுப் படத்தைக் கொடுக்கக் கூடாது. பார்வைக்கு ஒரு போட்டோ போதும். முற்றிலும் புதிய வடிவமாக இருந்தால் 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். முதலில் 10 ஆண்டு, பிறகு இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு உண்டு. ஆனால் ஊருக்கெல்லாம் காட்டிவிட்டுப் பிறகு பதியப் போனால் பயன் இல்லை. புதுமை போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். இந்தக் காரியத்தைத் தனிச் சிற்பி அலைந்து செய்ய முடியாது. இதையும் சங்கமே செய்து கொடுக்க வேண்டும்.

வாங்குகிறவருக்கும் உண்மை தெரிய வேண்டும். எந்திரம் குடைந்ததை எந்திரம் குடைந்தது என்று சொல்லி விற்பதில் கேவலம் இல்லை. கைவேலை என்று சொல்லி விற்பது மோசடி. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்றதால் நெசவாளர் பட்ட கஷ்டம் ஊருக்கே தெரியும். அதற்காகத்தான் 2006-ல் கைத்தறி முத்திரை வந்தது. கள்ளக்குறிச்சிச் சிற்பத்தின் அடியிலும் ஒரு சீட்டு ஒட்டலாம். என்ன மரம், எது எந்திர வேலை, எது கை வேலை, செய்தவர் யார் – நான்கு வரி போதும். முழுக்கக் கையால் செய்ததற்குக் கூடுதல் விலை கேட்க அந்தச் சீட்டே சாட்சி.

ஒரு சிக்கல் மட்டும் லேசில் தீராது. பட்டறையில் சேரும் பையன் முதலில் செய்வது முரட்டு வேலைதான். கட்டையைக் கொத்திக் கொத்தித்தான் அவன் கை பழகும். அந்த வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டால் அவன் எதில் பழகுவான்? பத்து வருஷம் கழித்துக் கண் திறக்க யார் இருப்பார்கள்? ஆகவே பொது எந்திரம் வைக்கும் சங்கம், அதன் வாடகையில் ஒரு பங்கை ஒதுக்கி, பழகும் பையன்களுக்குக் கட்டையும் கூலியும் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் அவர்கள் எந்திரத்தின் பக்கமே போகக் கூடாது.