படத்தில் தெரியாத வலி

நம் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டருக்கு இரண்டு வருஷங்களுக்கு முன் தொடையிடுக்கில் வலி கண்டது; முழங்கால் வரை இறங்கிற்று. வாயு என்றார்கள், தைலம் தேய்த்தார்கள். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். படம் சுத்தமாயிருந்தது. "டிரில்லுக்கு டிமிக்கி கொடுக்கிறீரா?" என்று நாமே அவரைப் பரிகாசம் செய்தோம். அதற்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறோம்.

தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் மிக மெல்லியவை. எலும்பின் கழுத்து முறிந்தாலும், ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் நெடுநாள் உட்கொண்டாலும், மதுபானம் மிஞ்சினாலும் அந்த ஓட்டம் தடைப்படக்கூடும். வாய்க்கால் அடைபட்ட பயிரைப்போல் எலும்பு உள்ளேயே பட்டுப்போகிறது.

1895-இல் ஜெர்மானியப் பேராசிரியர் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே, எலும்பின் சுண்ணாம்பைக் காட்டுவது. உயிர் போன எலும்பிலும் சுண்ணாம்பு உடனே மறைந்துவிடுவதில்லை. ஆகவே ஆரம்பத்தில் படம் சுத்தமாயிருப்பதில் வியப்பில்லை. பிற்பாடு பிறைச்சந்திரன் போன்ற கீற்று ஒன்று தோன்றினால், மேற்பரப்பின் கீழே எலும்பு விரிசல் விட்டுவிட்டது என்று பொருள்.

எம்.ஆர்.ஐ. வேறு வகை. 1973-இல் பால் லாட்டர்பர் இதற்கு வழி காட்டினார். 2003-இல் அவருக்கும் பீட்டர் மான்ஸ்பீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பலமான காந்தத்தின் நடுவே, உடலின் நீரிலும் கொழுப்பிலுமுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞைகளைக் கொண்டு படம் அமைக்கிறார்கள். எலும்பு மஜ்ஜையின் மாறுதல், எக்ஸ்ரேயில் புலப்படுமுன்பே இதில் புலப்பட்டுவிடும்.

மாஸ்டருக்கு இதை எடுத்தபோது, வலித்த இடுப்போடு வலிக்காத இடுப்பும் நோயுற்றிருந்தது தெரிந்தது. இந்நோய் பலருக்கு இருபுறமும் வருவதால் இரண்டையும் சேர்த்தே பார்ப்பது வழக்கம். வலப்பக்கம் நொறுங்கிவிட்டபடியால் மாற்று மூட்டு பொருத்தினார்கள். இடப்பக்கம் நொறுங்கவில்லை, எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைத் தணித்து, அதைக் காப்பாற்ற முயன்றிருக்கிறார்கள்.

தோல் வியாதிக்காக அவர் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உட்கொண்டதை முதலில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நேயர்களே, உண்ட மருந்தை வைத்தியரிடம் ஒளிக்காதீர்கள். பயந்துபோய் அம்மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. எக்ஸ்ரே சுத்தமாயிருந்தும் வலி நீங்காவிட்டால், "இன்னும் பார்க்க வேண்டுமா?" என்று வைத்தியரைக் கேட்பதில் வெட்கமில்லை.

மாஸ்டர் இப்போது மைதான ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்து விசில் ஊதுகிறார். விசிலை அவர் விடவில்லை. பரிகாசத்தை நாம் விட்டுவிட்டோம்.