அண்டார்டிகா குளிர்காலமும் ஒரு டீசல் மெக்கானிக்கும்

கிருஷ்ணன்கோவிலில் கரண்ட் போனால் ஜனங்கள் வாசலுக்கு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். அண்டார்டிகாவில் ஜூன் மாதம் ஜெனரேட்டர் நின்றால்? வெளியே சூரியனே இருக்காது. ஹீட்டர், விளக்கு, தண்ணீர் எல்லாம் அந்த ஜெனரேட்டரை நம்பித்தான்!

ஆனால் அண்டார்டிகா என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஒரு விஞ்ஞானி, ஒரு பென்குயின், ஒரு தேசியக்கொடி. ஜெனரேட்டரை ஓட்டுகிற மெக்கானிக் அந்தப் படத்தில் இல்லை. ஏன்?

கொஞ்சம் வரலாறு. இந்தியாவின் முதல் குழு 1982 ஜனவரியில் அங்கே இறங்கி, சில நாட்களில் திரும்பிவிட்டது. அது கோடைப் பயணம். குளிர்காலம் முழுக்கத் தங்கியது 1984-ல்தான், 'தட்சிண் கங்கோத்ரி' நிலையத்தில், 12 பேர். அவர்களுக்குத் தலைவர் விஞ்ஞானி இல்லை, ராணுவப் பொறியாளர் கர்னல் சத்ய ஸ்வரூப் சர்மா. 1980களின் பிற்பகுதியில் அங்கே குளிர்காலக் குழுவை நடத்திய கர்னல் பா. கணேசனும் ராணுவக்காரர்தான். ஊர், திருவாரூர் மாவட்டம் சன்னாநல்லூர்.

காரணம் சிம்பிள். கப்பல் கோடையில் மட்டும்தான் வரும். அப்புறம் கடல் உறைந்துவிடும். காமர்ஸ் பாஷையில் சொன்னால் வருஷத்துக்கு ஒரே கொள்முதல், ரீ-ஆர்டர் கிடையாது! டீசல், அரிசி, மருந்து, ஸ்பேர் பார்ட்ஸ் எது தீர்ந்தாலும் பக்கத்துக் கடைக்கு ஓட முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பதை வைத்துச் சமாளிப்பதே பாதி வேலை.

1961-ல் நடந்த ஒன்றைப் பாருங்கள். ரஷ்யர்களின் நோவோலசரேவ்ஸ்கயா நிலையம். இன்றைய இந்திய நிலையமான 'மைத்ரி' இருக்கும் அதே ஷிர்மாக்கர் பகுதி. அங்கிருந்த ஒரே டாக்டர் லியோனிட் ரோகோசோவுக்குக் குடல்வால் அழற்சி. ஏப்ரல் 30 அன்று தன் வயிற்றைத் தானே கிழித்து ஆபரேஷன் செய்துகொண்டார். உலகம் அவரைக் கொண்டாடுகிறது, சரிதான். பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்தவர் ஒரு வானிலை ஆய்வாளர். கண்ணாடி பிடித்தவர் ஒரு டிரைவர்! அவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

2016-17-ல் இஸ்ரோவின் மங்களா மணி 'பாரதி' நிலையத்தில் 403 நாட்கள் இருந்தார். 23 பேர் குழுவில் ஒரே பெண். அவர் வேலை, செயற்கைக்கோள் அனுப்பும் தகவல்களை இறக்குவது. அவருக்குக் கிடைத்த புகழ் முழுக்க நியாயம். ஆனால் அந்த ஆன்டெனா ஓடவும் மின்சாரம் வேண்டுமே?

"ஆராய்ச்சிக்காகத்தானே நிலையம்?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஆராய்ச்சி நடக்க முதலில் ஆள் உயிரோடு இருக்க வேண்டும், கட்டடம் நிற்க வேண்டும். தட்சிண் கங்கோத்ரியையே பனி மூடி, 1990-ல் கைவிட வேண்டியதாயிற்று.

இது வெறும் பாராட்டு விஷயம் இல்லை. ராஜபாளையத்தில் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கிற பையனும், கேட்டரிங் படிக்கிற பையனும் அண்டார்டிகா டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், சமையல்காரர் வேலைகளுக்கும் ஒப்பந்த முறையில் ஆள் எடுக்கிறது. செய்தியில் விஞ்ஞானி படம் மட்டுமே வந்தால் இது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த தடவை அண்டார்டிகா செய்தி போடுகிறவர்கள் முழுக் குழுவின் பெயரையும் போடட்டும். சமையல்காரர் பெயரையும் சேர்த்து.