மலைக்குப் போக அனுமதிச் சீட்டு!

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் சமவெளியில் இருப்பவர்களுக்கு மலையின் நினைப்பு வந்துவிடுகிறது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, மூணாறு. கையில் இன்னும் கொஞ்சம் பணமும் லீவும் இருந்தால் சிம்லா, மனாலி, டார்ஜிலிங். இயற்கை அழகு நிறைந்த இடத்தில் நாலு நாள் இருந்துவிட்டு வரவேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஒரு காலத்தில் இந்த ஆசை துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்குமே பலித்தது. 1864 முதல் சிம்லா இந்திய சர்க்காரின் கோடைத் தலைநகரமாக இருந்தது. 1870 முதல் சென்னை ராஜதானியின் கவர்னரும் அவருடைய பரிவாரமும் கோடை வந்ததும் உதகமண்டலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்றோ மாதச் சம்பளக்காரரும் சிறு கடைக்காரரும் குடும்பத்தோடு காரிலோ வேனிலோ ஏறி விடியற்காலையில் புறப்பட்டு மத்தியானத்துக்குள் மலை உச்சியில் இருக்கிறார்கள். இது முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே மலையில் ஏறினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு ஹைகோர்ட்டு பதில் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

நாள் ஒன்றுக்கு 20,000 வண்டிகள்

2024-ம் வருஷம் ஏப்ரல் கடைசியில் சென்னை ஹைகோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வரும் பிரயாணிகள் இ-பாஸ் பெற்றுத்தான் வரவேண்டும் என்பது அந்த உத்தரவு. மே 7-ம் தேதி முதல் அது அமலுக்கு வந்தது. சீசன் காலத்தில் நீலகிரிக்குள் மட்டும் நாள் ஒன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நுழைகின்றன என்று கோர்ட்டில் தெரிவிக்கப்பட்ட கணக்கைக் கேட்டு நீதிபதிகள் கவலைப்பட்டதில் வியப்பில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் பொருள் விளங்கும். மேலே போக குன்னூர் வழி, கீழே இறங்க கோத்தகிரி வழி என்று சீசனில் போலீசார் ஒருவழிப் பாதையாகப் பிரித்துவிட்டும்கூட வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன.

முதல் வருஷத்தில் இந்த இ-பாஸ் வெறும் கணக்கெடுப்பாகவே இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. எத்தனை பேர், எந்த வண்டி, எத்தனை நாள், எங்கே தங்கப் போகிறார்கள் என்ற விவரம் அரசாங்கத்துக்குச் சேர்ந்தது, அவ்வளவுதான். 2025-ம் வருஷ சீசனுக்குத்தான் உச்சவரம்பு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் முடிய, நீலகிரிக்கு சாதாரண நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும், அரசாங்க பஸ்களுக்கும், ரயிலில் வருகிறவர்களுக்கும், விளைபொருள் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

நீலகிரியின் ஹோட்டல்காரர்களும் வியாபாரிகளும் கொதித்தெழுந்து 2025 ஏப்ரல் தொடக்கத்தில் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மலையில் வியாபாரம் என்பது மூன்று மாதச் சம்பாத்தியத்தில் ஒன்பது மாதம் காலம் தள்ளும் பிழைப்பு. விடுதி முதலாளி தாக்குப் பிடித்துவிடுவார். ரோட்டோரம் காரட் விற்கிற பெண்ணும், வாடகைக் கார் ஓட்டுகிறவரும், குதிரைக்காரரும் எங்கே போவார்கள்? சீசன் போனால் போனதுதான்.

மறு பாதியை யோசிக்கும்போது கணக்கு வேறு மாதிரி ஆகிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நீலகிரியின் உச்சியில் புல்வெளியும் அதன் மடிப்புகளில் சோலைக் காடும் இருக்கின்றன. பெய்கிற மழையைப் புல்லும் சோலையின் மெத்தென்ற மண்ணும் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகின்றன. கோடையிலும் ஓடைகளில் நீர் வற்றாமல் ஓடுவதன் ரகசியம் இதுதான். வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டுப் புல்வெளியில் பெரும்பகுதியை மூடிவிட்டார்கள். மீதியைத் தேயிலையும் கட்டடங்களும் எடுத்துக்கொண்டன. இந்த ஓடைகள் பவானியாகவும் மோயாறாகவும் இறங்கி பவானிசாகர் அணைக்குப் போய்ச் சேருகின்றன. ஆகவே ஊட்டியில் ஒரு சரிவில் என்ன கட்டுகிறார்கள் என்பது ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் விவசாயிக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். ஊட்டிக்குப் போயே இராதவருக்கும்கூட!

தண்ணீர் தீர்ந்தால் ஒரு மலை நகரத்தின் கதி என்ன என்பதை சிம்லா 2018 மே மாதத்தில் காட்டியது. ஊற்றுகளும் ஓடைகளும் வற்றி, நகரத்துக்குக் கிடைத்த நீர் வழக்கத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோயிற்று. ஜனங்கள் குடங்களோடு லாரிக்காக இரவு முழுவதும் காத்திருந்தார்கள். ஹைகோர்ட்டு தலையிட்டது. கோடை விழாவைத் தள்ளி வைத்தார்கள். ‘தயவுசெய்து இப்போது வராதீர்கள்’ என்று ஊர்க்காரர்களே வெளியூர்ப் பிரயாணிகளைக் கேட்டுக்கொண்டார்கள். விருந்தாளியை வரவேற்றுப் பிழைக்கும் ஊர், விருந்தாளியை வரவேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது!

மண் சரிவு இன்னொரு கவலை. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மலை சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024 ஜூலை 30-ம் தேதி அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை மலையே வந்து மூடியபோது இருநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இவற்றுக்கெல்லாம் உல்லாசப் பிரயாணிகள்தான் காரணம் என்று சொல்வது அநியாயம். வயநாட்டில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களையும் கிராமத்துக் குடும்பங்களையும் சேர்ந்தவர்கள். ஆனால் சரிவில் வெட்டிய ஒவ்வொரு ரோடும், ஓடையை மறித்த ஒவ்வொரு சுவரும் அபாயத்தைக் கூட்டுகின்றன என்பதை யாராலும் மறுக்க முடியாது.

பத்ரிநாத் போகும் வழியில் உள்ள ஜோஷிமடம் பழைய மண்சரிவின் மேல் அமைந்த ஊர், அங்கே பெரிய கட்டடங்கள் கூடாது என்று மிஸ்ரா கமிட்டி 1976-லேயே எச்சரித்தது. கமிட்டி அறிக்கைக்குப் பிறகும் ஹோட்டல்கள் மாடி மேல் மாடியாக எழுந்தன. 2023 ஜனவரியில் வீட்டுச் சுவர்கள் பிளந்து, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்ற இரண்டு ஹோட்டல்களை இடிக்க வேண்டியதாயிற்று. நாற்பத்தேழு வருஷங்கள் அந்தக் காகிதம் எந்த அலமாரியில் இருந்ததோ!

தடுத்தால் வேறு பக்கம் போகும்

வண்டிகளுக்கு எண்ணிக்கை வைப்பது தமிழ்நாட்டுக்குத்தான் புதிது. மனாலிக்கு மேலே 13,000 அடி உயரத்தில் உள்ள ரோதாங் கணவாய்க்கு, நாள் ஒன்றுக்கு 1,200 வண்டிகளுக்கு மேல் போகக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு விதித்தது. பெட்ரோல் வண்டி 800, டீசல் வண்டி 400. வண்டிப் புகையின் கரி பனியில் படிந்து, பனி சீக்கிரம் உருகுகிறது என்பதுதான் காரணம். கட்டுப்பாடு பலன் தந்தது. ஆனால் 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டதும், கணவாய்க்குப் போக முடியாத வண்டிகள் சுரங்கத்தின் வழியே லாஹௌல் பள்ளத்தாக்கில் போய் இறங்கின. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் கிடந்த கிராமங்கள் திடீரென்று போக்குவரத்து நெருக்கடியைக் கண்டன. மேலே ஒரு வாசலைச் சாத்தினார்கள்; கூட்டம் அடுத்த வாசலைத் தேடிக்கொண்டது.

தெற்கேயும் அதே கதைதான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கட்டுப்பாடு வந்த பிறகு வால்பாறைப் பக்கம் வண்டிகள் திரும்பின. விளைவு, 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற வேண்டிய அந்தச் சிறு தேயிலை ஊரில், ஊட்டியின் வசதிகளில் கால்பங்கு கூடக் கிடையாது. நாளைக்குக் கொல்லிமலை, மறுநாள் மேகமலை என்று கோர்ட்டு ஒவ்வொரு மலையாக ஏறிக்கொண்டிருக்க முடியுமா?

ஜனங்கள் ஏன் இந்தப் பத்து ஊர்களையே நாடுகிறார்கள் என்று கேட்டால், போன முறை போனவர் சொன்னார், சினிமாவில் காட்டினார்கள் என்பதுதான் பதிலாக இருக்கும். 2024-ல் ஒரு மலையாளப் படம் ஓடியதும் கொடைக்கானலில் குணா குகையைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. விழுந்தவர்களில் பலர் மீளாத அந்தப் பள்ளத்துக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். பிரயாணிகள் வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

காரை நிறுத்திவிட்டு நடக்கும் ஊர்

மும்பைக்கு அருகில் 2,600 அடி உயரத்தில் மாதேரான் என்ற சிறிய மலைவாசஸ்தலம் இருக்கிறது. அந்த ஊருக்குள் மோட்டார் வண்டியே நுழையக்கூடாது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் தஸ்தூரி என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தோ குதிரையிலோ போக வேண்டும். அல்லது நேரலிலிருந்து 1907 முதல் ஓடும் குட்டி ரயிலில் ஏறிக்கொள்ளலாம். இதனால் ஊர் கெட்டுப்போகவில்லை. ஹோட்டல்கள் நிரம்பத்தான் செய்கின்றன. செம்மண் பாதையில் ஹாரன் சத்தமில்லாமல் நடக்கலாம் என்பதற்காகவே மும்பைவாசிகள் அங்கே போகிறார்கள். இதற்கு ஒரு கசப்பான பக்கமும் இருந்தது. வண்டி இல்லாத ஊரில் பெட்டியையும் மனிதரையும் கைரிக்‌ஷாவில் மனிதரே இழுத்தார்கள். சுதந்திரம் வந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் இது அவமானம் என்று கூறி, ஆறு மாதத்துக்குள் அதை நிறுத்தும்படி 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது.

உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கில் வேறு முறை. காமெட் சிகரம் ஏறிவிட்டு இறங்கிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர் 1931-ல் அங்கே வந்து பூக்களைக் கண்டு பிரமித்துப் போய் எழுதியதால் உலகுக்குத் தெரிந்த இடம் அது. அங்கே பகலில் போகலாம், இரவு தங்கக்கூடாது. ஒரு விடுதிகூடக் கிடையாது. எத்தனை பேர் வந்தாலும் சாயங்காலத்துக்குள் திரும்பி கங்கரியா கிராமத்துக்கு வந்துவிட வேண்டும். ஆனால் 1982-ல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தவர்களையும் தடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஆளுயரம் வளரும் ஒருவகைச் செடி பரவிப் பூச்செடிகளை அமுக்கத் தொடங்கியது; ஆடு மேய்வது நின்றதே இதற்குக் காரணம் என்று தாவர நூல் அறிஞர்களில் சிலர் கருதுகிறார்கள். வனத்துறை இப்போது ஆள் வைத்து அந்தச் செடியைப் பிடுங்குகிறது. ஆடு செய்த வேலைக்கு இப்போது கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது!

காருக்கா, ஆளுக்கா?

ஊட்டி, கொடைக்கானல் கட்டுப்பாட்டில் பலர் கவனிக்காத ஓர் அம்சம் உண்டு. வரம்பு வண்டிக்குத்தானே தவிர ஆளுக்கு இல்லை. நாலு பேர் வரும் காருக்குப் பாஸ் தேவை. ஐம்பது பேர் வரும் அரசாங்க பஸ்ஸுக்குத் தேவையில்லை. ஒரு பஸ், பன்னிரண்டு கார்களின் ஜனங்களைச் சுமந்துகொண்டு ஒரு லாரியின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இந்தச் சட்டம் ஏழையைத் தடுக்கிறது என்ற கூச்சலில் பொருளில்லை. சொந்தக் கார் இல்லாதவருக்கு மலைப்பாதை இன்றும் திறந்தேதான் இருக்கிறது.

ஆனால் திறந்த பாதையில் பஸ் வேண்டுமே! காரை மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் நிறுத்திவிட்டு வரச் சொன்னால், நிறுத்த இடம் வேண்டும். கால்மணிக்கு ஒரு பஸ் வேண்டும். மேலே போனபின் தொட்டபெட்டாவுக்கும் பைக்காராவுக்கும் போகச் சிறு பஸ்கள் வேண்டும். குழந்தையும் கிழவியும் மூட்டையுமாக வரும் குடும்பம், நின்றுகொண்டே வளைவுகளில் ஆடிக்கொண்டு போகச் சம்மதிக்காது. 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் வந்த பல்சக்கர ரயில் 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று, பெருமைதான். ஆனால் சில பெட்டிகளை இழுத்துக்கொண்டு மெல்ல ஏறும் அந்த ரயிலில் சீசன் கூட்டத்தில் எத்தனை பேரை ஏற்ற முடியும்? பஸ்தான் வழி. கோர்ட்டு எண்ணிக்கை வைத்துவிட்டது. பஸ் விடுவது அரசாங்கத்தின் வேலை. அந்த வேலை பாதிகூட நடக்கவில்லை.

6,000 என்றும் 4,000 என்றும் வைத்த எண்கள்கூடத் தற்காலிகமானவையே. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்பதைத் தண்ணீர், குப்பை, ரோடு, படுக்கை எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சொல்லும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் சேர வேண்டிய ஒரு தேதி இப்போதே தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மலைச்சரிவை நீலமாக்கும் குறிஞ்சி, 2018-ல் பூத்தது. அந்த வருஷம் மூணாறில் எல்லா ஏற்பாடுகளும் செய்து வைத்திருந்தபோது ஆகஸ்டு வெள்ளம் வந்து ரோடுகளை அறுத்துவிட்டது. வர நினைத்தவர்களில் பலர் வரவில்லை. அடுத்த முறை பூப்பது 2030-ல். அப்போது பார்க்காமல் விட்டால் 2042 வரை காத்திருக்க வேண்டும் என்பதால், கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் அந்த வருஷம் வருகிற கூட்டம் ஏப்ரல், மே மாதங்களோடு நிற்காது. 2025-ன் உச்சவரம்போ ஜூனோடு முடிந்துவிட்டது. குறிஞ்சி மழைக்காலத்தில்தான் பூக்கும்.