கம்பனியின் முதலுக்கு வாடகை, நம் முதலுக்கு?



சம்பள உயர்வு கேட்டால் கம்பனிப் பக்கத்தில் பேசுகிறவர்கள் ஒரு கணக்கை விரிப்பதுண்டு. ஏட்டில் இலாபம் இருந்தாலும் அது உண்மை இலாபமல்லவாம். போட்ட முதலின் விலையையும் கழிக்க வேண்டுமாம்.

கணக்கு பொய்யல்ல. பங்குக்காரர் 100 மில்லியன் ரூபாய் போட்டிருக்கிறார், எல்லாச் செலவும் வரியும் போக 12 மில்லியன் மிச்சம் என்று வைப்போம். இதேயளவு ஆபத்துள்ள வேறு தொழிலில் அந்தப் பணம் 15 மில்லியன் உழைத்திருக்கும் என்றால், இங்கே 3 மில்லியன் குறைவுதான். வங்கிக் கடனுக்கு வட்டி இருப்பதுபோல் சொந்த முதலுக்கும் வாடகை உண்டு. சேமிப்பைப் போட்டுச் சில்லறைக் கடை வைத்த எவருக்கும் இது விளங்கும்.

ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் கணக்கை முழுதாகப் போடுவோம். தோட்டத்தில் கிடக்கும் முதலெல்லாம் பங்குக்காரருடையதா?

காணி அரசாங்கத்தினுடையது. 1992 முதல் 53 வருடக் குத்தகை. ஆரம்பத்தில் ஒரு தோட்டம் முழுவதற்கும் வருடக் குத்தகை 500 ரூபாய், பிறகுதான் கூட்டினார்கள். அந்த மலிவுக் காணிக்கு எந்த வாடகையைக் கழித்தார்கள்? "எல்லாச் செலவும்" என்பதற்குள் தாய்க் கம்பனிக்குப் போகும் முகாமைக் கட்டணமும் ஒளிந்திருக்கலாம். அது இலாபம் கணக்கிடுமுன்பே மேலே போய்விடும் காசு.

நம் முதலும் அங்கே கிடக்கிறது. 1983ஆம் வருடத்து 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணம்; வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 30 வருடம் கொழுந்தெடுத்த அக்காவுக்கு, 2024 வர்த்தமானியின் 1,350 ரூபாய்ப்படி, 5,67,000 ரூபாய். அதை ஒரு வருடம் இழுத்தடித்தால் அது அக்கா கம்பனிக்குக் கொடுத்த கடன். கம்பனி தன் முதலுக்குக் கேட்கும் அதே 15 சதவீதத்தில் பார்த்தால் வட்டி மட்டும் 85,050 ரூபாய். சட்டம் இன்னும் கடுமை: பிந்தப் பிந்த மேலதிகப் பணம் 30 சதவீதம்வரை ஏறும். கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்? சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டிவிட்டு ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டாமல் வைத்திருப்பதும் இதே கதைதான். வெட்டியது நம் பணம், தங்கள் 12 சதவீதத்தைப் பற்றி பிறகு பேசுவோம்.

பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகளின் ஆண்டறிக்கையை யாரும் பார்க்கலாம். அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் தோட்டத் தலைவர்மார் மூன்று வரிகளைக் குறித்து வாருங்கள்: முகாமைக் கட்டணம், காணிக் குத்தகை, சேவைக்காலப் பண நிலுவை. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறதென்று தயங்க வேண்டாம். உயர்தரத்தில் கணக்கியல் படிக்கும் பிள்ளை இன்று பல லயத்தில் இருக்கிறது. கூட்டி வாருங்கள், நாங்களும் உட்கார்ந்து வாசிக்கிறோம்.