நாட்டுத் தக்காளிக்கு உள்ளூரில் மவுசு குறையவில்லை

அய்யலூர், ஒட்டன்சத்திரம் சந்தைகளில் வீரிய ஒட்டுத் தக்காளி பெருகிவிட்டது. தோல் கெட்டியாக இருப்பதால் கேரளத்துக்கு லாரியில் போனாலும் அது எளிதில் நசுங்குவதில்லை. ஆயினும் ரசத்துக்கும் குழம்புக்கும் தாய்மார்கள் நாட்டுத் தக்காளியையே தேடுகிறார்கள். அந்தப் புளிப்பும் சாறும் ஒட்டுப் பழத்தில் இல்லை என்பது அவர்கள் கண்ட அனுபவம். இந்த விருப்பத்தைத் திண்டுக்கல் வட்டாரச் சிறு விவசாயிகள் வருமானமாக்கிக் கொள்ள வேண்டும்.

உள்ளூர்ச் சரக்கு மட்டமானது என்று எண்ண வேண்டியதில்லை. பெரியகுளத்திலிருந்து 1978-ல் வெளியான பி.கே.எம். 1 ரகம், அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கப்பட்டதே. எக்டேருக்கு 30 டன்னுக்கு மேல் காய்க்கக் கூடியது. இது ஒட்டு ரகம் அல்ல. ஆகையால் விவசாயி தன் வயலிலேயே விதை எடுத்துக்கொள்ளலாம். ஒட்டு ரகத்துக்கோ ஒவ்வொரு போகத்துக்கும் விதை வாங்கியாக வேண்டும்.

வெளியூர் லாரியை மட்டும் நம்புவதில் ஆபத்து உண்டு. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளி, சில வாரங்களிலேயே விலை சரிந்தது. வரத்து மிகும்போது பறிகூலிக்கும் கட்டாமல் பழம் சாலையோரம் கொட்டப்படுவது இப்பகுதிக்குப் புதிதல்ல.

நாட்டுத் தக்காளிக்கும் குறை இருக்கிறது. மெல்லிய தோல்; மழையில் வெடிக்கும்; நெடுந்தூரம் தாங்காது. ஆனால் காலையில் பறித்து அன்றே உழவர் சந்தையில் விற்பவருக்கு இது பெரிய குறையல்ல. தூர ஊருக்குப் போகும் பழத்தைச் செங்காயாகவே பறிக்க வேண்டியுள்ளது. அருகில் விற்பவரோ செடியிலேயே பழுக்க விடலாம், ருசியும் கூடும்.

ஒரு ஏக்கர் தக்காளி போடுபவர் முழுவதையும் மாற்ற வேண்டாம். முதலில் 20 சென்டில் நாட்டு ரகத்தைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரே நாளில் நடாமல், 15 நாள் இடைவெளியில் பகுதி பகுதியாக நட்டால் பழமும் மொத்தமாக வந்து குவியாது. நோயற்ற, நன்கு காய்த்த செடிகளை அடையாளமிட்டு, அவற்றின் பழுத்த பழங்களை விதைக்கு ஒதுக்குவது அவசியம். கூடையில் ஒட்டுப் பழத்தைக் கலக்காமல் விற்றால் வாடிக்கை நிலைக்கும்.

லாரிக்கு ஏற்ற பழம் லாரிக்குப் போகட்டும். உள்ளூர் அடுப்புக்கு ஏற்ற பழத்தை உள்ளூர் விவசாயி கைவிடலாகாது.